மனைவியின் செல்களைப் படித்தார்... கோடிக்கணக்கான பெண்களைக் காத்தார்! யார் இந்த ஜார்ஜ் பாப்பனிகொலாவ்?

கருப்பை வாய் புற்றுநோய் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் 'பாப் ஸ்மியர்' என்ற வார்த்தையும் கூடவே வரும். 'பாப்' என்றால் ஏதோ மருத்துவச் சுருக்கெழுத்து என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனா அது ஒரு மனுஷனோட பெயர். ஜார்ஜ் பாப்பனிகொலாவ் என்ற நீளமான கிரேக்கப் பெயரின் முதல் துண்டுதான் அந்த 'பாப்'.

இன்றைக்கு லேப்பில் உட்கார்ந்து மைக்ரோஸ்கோப்பில் செல்களைப் பார்த்து, இது நல்லது, இது கெட்டது என்று பிரித்துச் சொல்வதற்கென்றே ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலைக்கு சைட்டோடெக்னாலஜி என்று பெயர். செல்களைப் பார்த்தே புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டியதோடு, அதை அடுத்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்து ஒரு தொழிலாகவே மாற்றிய முன்னோடிகளில் முதன்மையானவர் பாப்பனிகொலாவ்தான். ஆனா அவர் சொன்னதை உலகம் காதில் வாங்கவே பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. ஏன் அவ்வளவு தாமதம்? விரிவாகப் பார்க்கலாம்.

அப்பா டாக்டர்... மகனுக்கு அதில் ஆர்வம் இல்லை!

1883ஆம் ஆண்டு மே 13ஆம் தேதி, கிரீஸ் நாட்டின் எவியா தீவில் உள்ள கிமி என்ற கடலோர ஊரில் பிறந்தவர் ஜார்ஜ். அப்பா நிக்கோலஸ் ஊரில் மதிக்கப்பட்ட டாக்டர். மகனும் தன்னைப் போலவே டாக்டராகி அதே ஊரில் மருத்துவம் பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை.

அப்பா சொன்னபடியே ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1904ல் பட்டம் வாங்கினார். ராணுவ மருத்துவப் பணியை முடித்துவிட்டு ஊருக்குத் திரும்பி, தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தார். ஆனா மனசு அங்கே ஒட்டவில்லை. உயிர் என்பது எப்படி இயங்குகிறது என்ற கேள்விதான் அவரை இழுத்துக்கொண்டே இருந்தது.

அப்பாவைச் சம்மதிக்க வைத்து ஜெர்மனிக்குக் கிளம்பினார். யேனாவில் எர்ன்ஸ்ட் ஹேக்கல், ஃப்ரைபர்க்கில் ஆகஸ்ட் வைஸ்மன், மியூனிக்கில் ரிச்சர்ட் ஹெர்ட்விக் என அந்தக் காலத்து உயிரியல் ஜாம்பவான்களிடம் படித்தார். நீர்த்தெள்ளு என்ற குட்டியூண்டு உயிரினத்தில் ஆண், பெண் என்ற பாலினம் எப்படி முடிவாகிறது என்று ஆராய்ந்து 1910ல் முனைவர் பட்டம் பெற்றார். மைக்ரோஸ்கோப்பில் பொறுமையாகப் பார்க்கும் பழக்கம் இங்கேதான் அவருக்குக் கைவந்தது.

அதே 1910ல், ராணுவக் குடும்பத்தைச் சேர்ந்த ஆண்ட்ரோமகி மாவ்ரோயெனியைத் திருமணம் செய்தார். பின்னாளில் மேரி என்று அறியப்பட்ட இவர் இல்லாமல் இந்தக் கதையே இல்லை.

நியூயார்க்கில் பட்டன் தைத்த மேரி

1912ல் பால்கன் போர் வெடித்தது. ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்த ஜார்ஜ், அமெரிக்காவில் இருந்து போருக்காகத் திரும்பி வந்த கிரேக்கர்களைச் சந்தித்தார். அமெரிக்கா போனால் ஆராய்ச்சிக்கு வழி கிடைக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

1913 அக்டோபரில் கணவன் மனைவி இருவரும் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கினார்கள். நாட்டுக்குள் நுழைவதற்குத் தேவையான சுமார் 250 டாலர் மட்டும்தான் கையில் இருந்தது. இரண்டு பேருக்கும் ஆங்கிலம் தெரியாது.

கிம்பெல்ஸ் என்ற டிபார்ட்மென்ட் ஸ்டோரில் வாரத்துக்கு 5 டாலர் சம்பளத்தில் பட்டன் தைக்கும் வேலைக்குப் போனார் மேரி. அதே கடையில் தரைவிரிப்பு விற்கப் போன ஜார்ஜ், அதில் நிலைக்கவில்லை. எம்.டி. முடித்து, பிஎச்.டி.யும் வாங்கியவர் ஹோட்டலில் வயலின் வாசித்தார். கிரேக்கப் பத்திரிகை ஒன்றில் குமாஸ்தாவாகவும் வேலை பார்த்தார்.

அவருடைய நீர்த்தெள்ளு ஆராய்ச்சிதான் கடைசியில் கைகொடுத்தது. புகழ்பெற்ற மரபியல் விஞ்ஞானி தாமஸ் ஹன்ட் மார்கனுக்கு அந்த ஆய்வு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவருடைய பரிந்துரையால் 1914ல் ஆய்வக வேலை கிடைத்து, கார்னெல் மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறைக்குப் போய்ச் சேர்ந்தார். கொஞ்ச நாளில் மேரியும் அதே லேப்பில் உதவியாளராக வந்துவிட்டார்.

கினிப் பன்றி கற்றுக்கொடுத்த பாடம்

அங்கே சார்லஸ் ஸ்டாக்கார்ட் என்ற பேராசிரியரின் கீழ் கினிப் பன்றிகளை வைத்து ஆராய்ச்சி நடந்தது. ஜார்ஜுக்குத் தேவைப்பட்டது சரியான பருவத்தில் உள்ள முட்டை செல்கள். அந்தப் பருவம் எப்போது வரும் என்று வெளியில் இருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. விலங்கைக் கொன்று பார்த்தால்தான் தெரியும். பல நேரங்களில் அதுவும் வீண்தான்.

பாலூட்டி இனத்துப் பெண் விலங்கு என்றால் உடலுக்குள் ஏதாவது ஒரு சுழற்சி இருந்தாக வேண்டும், அதன் தடயம் வெளியேறும் திரவத்தில் தெரியுமே என்று யோசித்தார் ஜார்ஜ். மூக்கைப் பரிசோதிக்கும் சின்னக் கருவியை வைத்துப் பெண் கினிப் பன்றியின் பிறப்புறுப்பில் இருந்து திரவத்தை எடுத்து, கண்ணாடி ஸ்லைடில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்.

செல்களின் வடிவம் நாளுக்கு நாள் மாறியது. ஒரு ஒழுங்கோடு மாறி, மறுபடியும் முதலில் இருந்து தொடங்கியது. விலங்கைக் கொல்லாமலே அதன் உடலுக்குள் என்ன நடக்கிறது என்று படித்துவிட முடிந்தது. ஸ்டாக்கார்டும் ஜார்ஜும் 1917ல் இதை ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார்கள். பெண் ஹார்மோன் ஆராய்ச்சியில் பிறகு நடந்த பல விஷயங்களுக்கு இந்த எளிய முறை வாசல் திறந்துவிட்டது.

20 வருஷம் சாம்பிள் கொடுத்த மனைவி

கினிப் பன்றியில் தெரிவது மனிதர்களிலும் தெரியுமா? அடுத்த கேள்வி அதுதான். ஆனா பரிசோதனைக்கு எந்தப் பெண் தினமும் வந்து நிற்பார்?

மேரி முன்வந்தார். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. சுமார் 20 ஆண்டுகள் கணவரின் ஆராய்ச்சிக்குத் தன் உடலில் இருந்து சாம்பிள் கொடுத்தார். பகலில் அதே லேப்பில் வேலை, மாலையில் வீட்டு நிர்வாகம். இந்தத் தம்பதிக்குக் குழந்தைகள் இல்லை.

ஆரோக்கியமான ஒரு பெண்ணின் செல்கள் மாதம் முழுக்க எப்படி இருக்கும், எந்த நாளில் எப்படி மாறும் என்பதெல்லாம் ஜார்ஜுக்கு மனப்பாடம் ஆனது இப்படித்தான். இது ரொம்ப முக்கியம். ஏன்னா, நார்மல் எது என்று கண்ணுக்குப் பழகியவருக்குத்தான் அப்நார்மல் டக்குனு கண்ணில் படும்.

அப்படியே பட்டது. 1920களில் நியூயார்க் பெண்கள் மருத்துவமனை நோயாளிகளின் ஸ்லைடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு சாம்பிளில் விகாரமான செல்கள் தெரிந்தன. அந்தப் பெண்ணுக்குக் கருப்பை வாய் புற்றுநோய் இருந்தது. கத்தி வைக்காமல், சதையை வெட்டி எடுக்காமல், தானாக உதிர்ந்த செல்களிலேயே புற்றுநோய் தெரிகிறது! தன் ஆராய்ச்சி வாழ்க்கையின் மிகப் பெரிய பரவசங்களில் ஒன்றாக அவர் கடைசிவரை நினைத்தது அந்தக் கணத்தைத்தான்.

1928ல் சொன்னார்... யாரும் கண்டுகொள்ளவில்லை

1928 ஜனவரியில், மிச்சிகன் மாகாணத்தின் பேட்டில் கிரீக் நகரில் நடந்த ஒரு மாநாட்டில் இந்தக் கண்டுபிடிப்பை அறிவித்தார் பாப்பனிகொலாவ். அது 'இன மேம்பாட்டு' மாநாடு. கார்ன்ஃபிளேக்ஸ் புகழ் கெல்லாக் குடும்பத்து டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக்கின் அமைப்பு நடத்தியது. மனித இனத்தைத் 'தரம் உயர்த்துகிறோம்' என்று, இன்றைக்கு அறிவியல் உலகமே ஒதுக்கிவிட்ட கருத்துகளைப் பேசிய மேடை அது. அச்சில் வந்த அவருடைய கட்டுரையிலும் பிழைகள் மலிந்திருந்தன.

மருத்துவ உலகம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. புற்றுநோயை உறுதி செய்ய வேண்டுமானால் திசுவை வெட்டி எடுத்து பயாப்ஸி செய்தால் போதுமே, உதிர்ந்த செல்களை எதற்காகத் தேட வேண்டும் என்று கேட்டார்கள். அறிகுறியே இல்லாத பெண்ணிடம் நோயைத் தேடுவது என்ற யோசனையே அப்போது பழக்கத்தில் இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. பாப்பனிகொலாவ் பார்த்ததை மற்றவர்களால் பார்க்க முடியவில்லை. அதே ஸ்லைடு, அதே மைக்ரோஸ்கோப் இருந்தும், பழகாத கண்ணுக்கு அது வெறும் கறைதான்.

இன்னொரு உண்மையையும் இங்கே சொல்லியாக வேண்டும். ருமேனியாவைச் சேர்ந்த டாக்டர் ஆரெல் பாபெஷ், பிளாட்டினக் கம்பி வளையத்தால் கருப்பை வாயிலேயே செல்களை எடுத்துப் புற்றுநோயைக் கண்டறியும் முறையை 1927 ஜனவரியில் புக்காரெஸ்ட்டில் அறிவித்துவிட்டார். 1928 ஏப்ரலில் பிரெஞ்சு மருத்துவ இதழிலும் வெளியிட்டார். ஒருவரைப் பார்த்து இன்னொருவர் செய்யவில்லை, இரண்டும் தனித்தனி முயற்சிகள். முறையும் வேறு வேறு. ஆனாலும் யார் முதல் என்ற விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

பத்து வருஷத்துக்குப் பிறகு திறந்த கதவு

மனம் உடைந்தாலும் பாப்பனிகொலாவ் வேலையை விடவில்லை. ஹார்மோன் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். ஸ்லைடுகளும் சேர்ந்துகொண்டே போயின.

1939ல் துறைத் தலைவராக ஜோசப் ஹின்சி வந்தார். பழைய புற்றுநோய் ஆய்வை மறுபடி எடுக்கச் சொல்லி ஊக்கம் கொடுத்தார். மகப்பேறு மருத்துவர் ஹெர்பர்ட் டிராட் கூட்டாளியாகச் சேர்ந்தார். நியூயார்க் மருத்துவமனையின் பெண்கள் நலப் பிரிவுக்கு வந்த பெண்களுக்கு, நோய் அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தப் பரிசோதனை செய்யப்பட்டது.

முடிவு? எந்தச் சந்தேகமும் இல்லாமல் வந்த பெண்களிடமே புற்றுநோய் தெரிய ஆரம்பித்தது. அதுவும் வெறும் கண்ணுக்குத் தெரியாத ஆரம்ப நிலையில். 1941ல் ஆய்வுக்கட்டுரையும் 1943ல் புத்தகமும் வெளியாயின. இந்த முறை மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது.

அந்தப் புத்தகத்தின் படங்களுக்குப் பின்னால் ஹஷிமே முராயாமா என்ற ஜப்பானிய ஓவியர் இருக்கிறார். மைக்ரோஸ்கோப்பில் தெரிந்த ஒவ்வொரு செல்லையும் வாட்டர் கலரில் துல்லியமாக வரைந்தவர் அவர். வார்த்தையில் விளக்க முடியாததை அந்தப் படங்கள் விளக்கின. பாடம் நடத்துவதற்கான முதல் கருவி கிடைத்துவிட்டது.

ஸ்லைடைப் படிப்பது எப்படி?

பாப்பனிகொலாவ் உருவாக்கிய முறையில் மூன்று படிகள் முக்கியம்.

முதல் படி, சாம்பிளைக் காப்பாற்றுவது. செல்களை ஸ்லைடில் தடவியதும், ஈரம் காய்வதற்குள் ஆல்கஹால் கலவையில் முக்கிவிட வேண்டும். காய்ந்துவிட்டால் செல்லின் உருவம் கெட்டுவிடும். அதன்பிறகு எவ்வளவு பெரிய நிபுணர் பார்த்தாலும் பிரயோஜனம் இல்லை.

இரண்டாவது படி, நிறம் ஏற்றுவது. இதற்கென்று அவர் உருவாக்கிய சாயக் கலவைக்கு 'பாப் ஸ்டெயின்' என்றே பெயர். செல்லின் நடுவில் உள்ள உட்கரு கருநீலமாகத் தெரியும். சுற்றியுள்ள பகுதி, செல்லின் முதிர்ச்சியைப் பொறுத்து நீலப்பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு என்று மாறும். நிறங்கள் ஒளி ஊடுருவும்படி இருப்பதால், ஒன்றன் மேல் ஒன்று கிடக்கும் செல்களையும் பிரித்துப் பார்க்கலாம். 

மூன்றாவதுதான் கஷ்டமான படி. பார்ப்பது. ஒரு ஸ்லைடில் ஆயிரக்கணக்கான செல்கள் இருக்கும். ஒரு ஓரத்தில் தொடங்கி, வயலை உழுவது போல வரிசை வரிசையாக, இடம் விடாமல் பார்த்துக்கொண்டே வர வேண்டும். உட்கரு செல்லின் அளவுக்கு மீறிப் பெருத்திருக்கிறதா? விளிம்பு நெளிந்திருக்கிறதா? நிறம் வழக்கத்தை விட அடர்த்தியாக இருக்கிறதா? சந்தேகமான செல் தென்பட்டால் அதன் பக்கத்தில் ஒரு மைப்புள்ளி வைக்க வேண்டும். பிறகு நோயியல் மருத்துவர் அந்த இடத்தைப் பார்த்து முடிவு சொல்வார்.

முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கும் பாட்டியை நினைத்துப் பாருங்கள். கல் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. அரிசி எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகியதால், கல் தானாகத் தெரிகிறது. ஸ்லைடு பார்ப்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான். என்ன வித்தியாசம் என்றால், இங்கே ஒரு கல்லைத் தவறவிட்டால் ஒரு பெண்ணின் உயிர் போகலாம்.

ஒரு கண் போதாது... ஊரெல்லாம் கண் வேண்டும்!

1940களில் பிரச்சனை வேறு மாதிரி மாறியது. டெஸ்ட் வேலை செய்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனா படிக்க ஆள் எங்கே? ஒரு நாட்டுப் பெண்கள் அனைவரின் ஸ்லைடுகளையும் நியூயார்க்கில் இருக்கும் ஒரு கிரேக்கர் உட்கார்ந்து பார்க்க முடியாது. மருத்துவர்கள் மட்டும் பார்த்தாலும் கட்டுப்படியாகாது.

எனவே பாப்பனிகொலாவ் வாத்தியார் ஆனார். கார்னெல் லேப்பில் வகுப்புகள் நடத்தினார். நோயியல் மருத்துவர்களோடு டெக்னீசியன்களும் வந்து கற்றுக்கொண்டார்கள். அமெரிக்கப் புற்றுநோய் சங்கம் இந்தப் பரிசோதனையைப் பரப்புவதிலும் ஆட்களைத் தயார் செய்வதிலும் இறங்கியது.

அப்படிக் கற்றவர்களில் குறிப்பிடத்தக்கவர் ரூத் கிரஹாம். இவர் மருத்துவம் படித்தவர் அல்ல. ஆனா பாஸ்டனின் வின்சென்ட் நினைவு ஆய்வகத்தில் இந்தத் துறையையே வளர்த்துக் காட்டினார். டாக்டர் பட்டம் இல்லாமலும், முறையான பயிற்சியால் புற்றுநோய் செல்லை அடையாளம் காணலாம் என்பதற்கு அவர் வாழும் சாட்சியாக இருந்தார். சைட்டோடெக்னாலஜிஸ்ட் என்ற வேலை இந்த வழியில்தான் உருவானது. ஆரம்ப காலத்தில் இந்த வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

1954ல் பாப்பனிகொலாவ் வெளியிட்ட உதிர் செல்களின் பட அட்லஸ், மாணவர்களுக்குப் பாடப் புத்தகமானது. கருப்பை வாயோடு நிற்காமல் சளி, சிறுநீர், வயிற்றுத் திரவம் எனப் பல சாம்பிள்களிலும் புற்றுநோய் செல்களைத் தேடும் வழியை அவர் காட்டியிருந்தார்.

நோபல் கிடைக்கவில்லை... ஆனா?

1950ல் லாஸ்கர் விருது உட்படப் பல கௌரவங்கள் தேடி வந்தன. நோபல் பரிசு மட்டும் கடைசி வரை கிடைக்கவில்லை. 

1961ன் இறுதியில், 78 வயதில், மியாமி புற்றுநோய் ஆய்வு மையத்தைத் தலைமை ஏற்று நடத்த நியூயார்க்கை விட்டுக் கிளம்பினார். ஆனா சில மாதங்கள் மட்டும்தான் அவருக்குக் கிடைத்தன. 1962 பிப்ரவரி 19ஆம் தேதி மாரடைப்பால் இறந்தார். அந்த மையத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. பின்னாளில் கிரீஸ் அரசு 10,000 டிராக்மா நோட்டில் அவர் படத்தை அச்சிட்டது. கணவருக்குப் பிறகு 20 ஆண்டுகள் வாழ்ந்த மேரி, 1982ல் மறைந்தார்.

களைத்த கண்ணால் வந்த ஆபத்து

அவர் இறந்து 25 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு அதிர்ச்சி. 1987ல், அமெரிக்காவில் சில லேப்கள் ஊழியர்களை அளவுக்கு மீறி ஸ்லைடுகளைப் பார்க்க வைப்பதும், அதனால் புற்றுநோய் செல்கள் கவனிக்கப்படாமல் போவதும் பத்திரிகைச் செய்தியாக வெடித்தது. எண்ணிக்கைக்குத்தான் காசு என்று ஆனதும் கண் அவசரப்பட்டது. நார்மல் என்று ரிப்போர்ட் வாங்கிய பெண்கள் சிலர் பிறகு உயிரிழந்தார்கள்.

1988ல் சட்டம் வந்தது. அதன்படி ஒரு சைட்டோடெக்னாலஜிஸ்ட் 24 மணி நேரத்தில் 100 ஸ்லைடுகளுக்கு மேல் பார்க்கக் கூடாது. அந்த 100ம் இலக்கு இல்லை, உச்ச வரம்பு. மைக்ரோஸ்கோப் களைக்காது, மனிதக் கண் களைக்கும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது.

திண்டுக்கல் சொன்ன பாடம்

முறையாகப் பரிசோதனை நடக்கும் நாடுகளில் கருப்பை வாய் புற்றுநோய் மரணங்கள் பெருமளவு குறைந்தன. அமெரிக்காவில் பாதிக்கும் மேல் சரிந்தது. ஆனா இந்தியாவில் இன்னும் பெண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய்களில் ஒன்றாகவே அது இருக்கிறது.

காரணம், பாப்பனிகொலாவ் 1940களில் சந்தித்த அதே பிரச்சனைதான். ஸ்லைடு இருக்கிறது, படிக்கப் பயிற்சி பெற்ற ஆட்கள் போதவில்லை. தரமான லேப்பும் தொடர் கண்காணிப்பும் கிராமங்களுக்கு எட்டவில்லை.

இதற்கு மாற்று வழி தேடிய முக்கியமான ஆய்வு ஒன்று நம்ம திண்டுக்கல் மாவட்டத்தில்தான் நடந்தது. 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்மையாக மாறும் இடத்தைப் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் நேரடியாகப் பார்த்துச் சொன்னார்கள். மைக்ரோஸ்கோப் தேவைப்படவில்லை. பரிசோதனை செய்யப்பட்ட பகுதியில் நோய் 25 சதவீதமும் மரணம் 35 சதவீதமும் குறைந்ததாக 2007ல் லான்செட் இதழில் முடிவுகள் வந்தன. முறை மாறினாலும் அங்கேயும் உயிரைக் காப்பாற்றியது பயிற்சி பெற்ற கண்தான்.

இனி இந்த வேலைக்கு அவசியம் இருக்கிறதா?

இந்தப் புற்றுநோய்க்கு எச்.பி.வி. என்ற வைரஸ்தான் காரணம் என்று கண்டுபிடித்த ஹரால்ட் ஸுர் ஹவுசனுக்கு 2008ல் நோபல் கிடைத்தது. இப்போது தடுப்பூசி இருக்கிறது. வைரஸை நேரடியாகத் தேடும் டி.என்.ஏ. டெஸ்ட்டைத்தான் உலக சுகாதார அமைப்பு முதல் தேர்வாகப் பரிந்துரைக்கிறது. ஸ்லைடில் சந்தேகமான இடங்களைக் கம்ப்யூட்டரே எடுத்துக் காட்டும் வசதியும் வந்துவிட்டது.

அப்படியானால் செல் பார்ப்பவர்களுக்கு வேலை போய்விடுமா? அவ்வளவு சுலபம் இல்லை. வைரஸ் இருக்கிறது என்று டெஸ்ட் சொன்னால், அது செல்லைக் கெடுத்திருக்கிறதா என்று பார்க்கப் பல இடங்களில் மறுபடியும் ஸ்லைடுதான் தேவைப்படுகிறது. தைராய்டு கட்டி, மார்பகக் கட்டி, நெறிகட்டு என எதில் ஊசி குத்தி சாம்பிள் எடுத்தாலும், நுரையீரலைச் சுற்றி நீர் கோர்த்து அதை எடுத்தாலும், கடைசியில் ஒருவர் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார வேண்டியிருக்கிறது.

லேப் ரிப்போர்ட் கைக்கு வரும்போது டாக்டர் கையெழுத்தை மட்டும்தான் பார்க்கிறோம். அதற்கு முன்னால், யாரோ ஒருவர் அந்த ஸ்லைடின் ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் வரை இடம் விடாமல் பார்த்து, தேவைப்பட்ட இடத்தில் ஒரு மைப்புள்ளி வைத்திருக்கலாம். அந்தப் புள்ளியை எங்கே வைப்பது என்று கற்றுக்கொள்ள பாப்பனிகொலாவுக்குப் பல வருஷம் ஆனது. அதற்காக மேரி சுமார் 20 வருஷம் சாம்பிள் கொடுத்தார். இன்றைக்கு லேப் படிப்பில் சேரும் ஒரு மாணவிக்கு அது வகுப்பறைப் பாடமாகவே கிடைக்கிறது.